துரைசுவாமியின் சுமாரான எண்ணூறு

என் அக்காள் வீட்டுக்காரர் துரைசுவாமியை நான் இந்த ஜென்மத்தில் மன்னிப்பதாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வந்துவிட்டால், வாய் தவறி வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், நல்ல குடும்பம், தென்னந்தோப்பு, ஒரே பெண். நான் அப்போதுதான் வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். கள்ளு கிடையாது, சீட்டு கிடையாது, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பெண்ணின் அப்பா மச்சானைப் பார்த்து, "ஏனுங்க, பையன் எப்படிங்க?" என்று கேட்டார். மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சுமாருங்க" என்றார். காபி ஆறுவதற்குள் காரியம் ஆறிப்போனது.

வெளியே வந்ததும் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "தங்கமான பையன்னு சொல்லி, அத்தனை சனத்துக்கு முன்னால கண்ணு பட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது மாப்ள?" என்றார். எனக்குக் கண் படவில்லை, உண்மைதான். நாலு வருடம் பெண்ணும் கிடைக்கவில்லை. கடைசியில் அவருக்குத் தேதியை மாற்றிச் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் போனதால்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மச்சான் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். உள்ளே விரலைப் பிடிப்பார், மடக்குவார், உதறுவார், மறுபடி பிடிப்பார். இன்ன விரலுக்கு இன்ன விலை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு, இரண்டு பெரிய மனிதர்கள் கையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இருபத்தைந்து வருடம் இப்படித் துண்டுக்கு அடியிலேயே பிழைத்தவருக்கு, உலகத்தில் எல்லாக் காரியமும் துண்டுக்கு அடியில்தான் நடக்கவேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்துவிட்டது.

நல்ல மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது முதுகில் சாணியைப் பூசி, பிய்ந்துபோன கயிற்றில் கட்டிக் கொண்டுவருவார். கொம்புக்குப் பெயின்ட் அடித்து மணி கட்டிய மாடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அதுல ஒண்ணுமில்ல மாப்ள. இருந்தா எதுக்கு மணி?" என்பார். சரி, அது தொழில். வீட்டுக்கும் அதையே செய்தால்? உள்ளே டைல்ஸ், வெளியே சுவருக்குப் பூச்சு கிடையாது, செங்கல் பல்லைக் காட்டும். ஃபிரிட்ஜுக்குப் பழைய சேலையைப் போர்த்தி வைத்திருப்பார். என் அக்கா சாந்தம்மாள் கல்யாணம் காட்சிக்கு வெறும் கழுத்தோடு போவாள். இருக்கிற நகையை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பாள். டிவிக்காரர்களுக்குத்தான் அவள் போட்டிருப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது.

இதற்கெல்லாம் உச்சம் அந்தக் கார். மாருதி எண்ணூறு, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளையாகப் பிறந்து, புழுதியில் வளர்ந்து, இப்போது சந்தைக்குக் கட்டிப்போகும் வேட்டியின் நிறத்துக்கு வந்திருக்கிறது. கதவில் கன்றுக்குட்டி உதைத்த பள்ளம். ஒரு பக்கக் கண்ணாடியைக் கொச்சக்கயிற்றால் கட்டியிருப்பார். பின் சீட்டில் எப்போதும் ஒரு கட்டு வைக்கோல். அதை வழியில் நிறுத்தினால் பிச்சைக்காரர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள்.

அதன் வயிற்றுக்குள் இருந்தது எஸ்டீம் என்ஜின்.

கல்யாணத்துக்கு முன் மச்சான் கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். அந்தக் கிறுக்கு உள்ளே எங்கேயோ படுத்திருந்திருக்கிறது. ஒருநாள் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், லாரிக்கு அடியில் போய்ச் சப்பையாகிப்போன ஒரு எஸ்டீம் காரைப் பார்த்தார். கார் போய்விட்டது, என்ஜின் முழுசு, எண்ணூறுக்கு உள்ளதைவிட ரொம்பப் பெரிசு. வைக்கோல் வண்டியில், வைக்கோலுக்கு அடியில், அதைக் கொண்டுவந்து இறக்கினார். மாட்டுக்கொட்டகையில் ஆறு மாதம் வேலை நடந்தது. சீக்கு வந்த மாட்டுக்குத்தான் ராப்பகலாக வைத்தியம் பார்க்கிறார் என்று அக்கா இரக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். என்ஜின் மட்டுமில்லை, கியர்பாக்ஸ், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் மாற்றினார். பிறகு அதைவிட அதிகப் பாடுபட்டது, மாற்றியது தெரியாமல் மறைக்கத்தான். சைலன்சரில் சத்தம் வராமல் செய்ய மட்டும் இரண்டு மாதம். பானெட்டைத் திறந்தால்கூடப் பழைய ஏர் ஃபில்டர் டப்பாதான் மேலே உட்கார்ந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்துக்கு இன்றுவரை இந்த விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் அரசாங்க ஊழியன் என்பதால் எனக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் என்னைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டு போனார். விடிகாலை, வாய்க்கால் ஓரத்து நேர் ரோடு, ஈ காக்கை இல்லை. மிதித்தார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் தென்னை மரங்கள் தனித்தனியாகத் தெரிவதை நிறுத்திவிட்டன. ரோடு முடிந்து வண்டி நின்றபோது என் கை கதவுப் பிடியை விடமாட்டேன் என்றது. மச்சான் என் பக்கம் திரும்பி, "எப்படி மாப்ள?" என்று கேட்டார். முகத்தில் பத்து வயசுப் பையனின் ஆசை.

"சுமாருங்க மச்சான்" என்றேன்.

விட்டுவிடுவேனா? நாலு வருடக் கடன் அது. ஆனால் அவர் முகம் அப்படியே விழுந்துபோனதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த மனிதருக்கும் யாராவது நல்லது சொல்லவேண்டும் என்று ஆசை இருக்கிறது. சொல்வதற்கு ஒன்றையும் வெளியே தெரியவிடமாட்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கார் பகலில் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை. பாலக்காட்டு சிமென்ட் வியாபாரி ஒருவரின் மகன் சுதீப் என்று இருக்கிறான். சிவப்புக் கார், பின்னால் ரெக்கை, உடம்பெல்லாம் ஸ்டிக்கர், கிழக்கே வந்தால் மேற்கே கேட்கும் சத்தம். அவன் தினம் எங்களைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்து, கையையும் ஆட்டிவிட்டுப் போவான். மச்சான் இடது பக்கம் ஒதுங்கி மரியாதையாக வழிவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரே ஒரு மிதி மிதிங்க மச்சான்."

"எதுக்கு? வண்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். போதாதா?"

இவருக்கு ஒரு மகள். பெயர் ஸ்ரீரஞ்சனி. இருபது வயது, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் பி.காம். படிக்கிறாள். அவள் கதையைச் சொல்லவேண்டுமானால் கமலாத்தாளிலிருந்து தொடங்கவேண்டும்.

கமலாத்தாள் மச்சானின் பக்கத்து வீடு. சந்தையில் வேர்க்கடலை அவித்து விற்கிறவர், அறுபது வயது, வாய் கொஞ்சம் பெரிசு, மனசில் ஒன்றுமில்லை. ஸ்ரீரஞ்சனிக்கு ஒரு வயதாக இருக்கும்போது பால் சொசைட்டி ஆண்டுவிழாவில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். என் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் தூக்குப் பாத்திரம். கமலாத்தாள் கன்னத்தைக் கிள்ளி, "வெண்ணெய்க் கட்டியாட்டம் இருக்குது புள்ள" என்றார். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். பதினாலு நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்தப் பதினாலு நாளும் மச்சான் ஆஸ்பத்திரி வராண்டாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் அந்தப் பக்கத்தில் பாதிக் குழந்தைகளுக்கு அதே காய்ச்சல். அதை அவரிடம் யார் சொல்வது? பிள்ளை பிழைத்து வந்தது. அன்றிலிருந்து கமலாத்தாள் கண் என்றால் மச்சானுக்கு நடுக்கம். அந்த அம்மாள் எதிரே வந்தால் மச்சான் மாட்டைத் திருப்பிக்கொண்டு வேறு வழியில் போவார். இருபது வருடமாக அந்த அம்மாளுக்கு இது தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாட்டுக்குப் பூசிய சாணியை மகளுக்கும் பூச ஆரம்பித்தார். பிளஸ் டூவில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதல். கேட்டவர்களிடம், "பாசாயிருச்சுங்க" என்றார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் அவள் படத்தைப் போட்டு ஜங்ஷனில் பிளெக்ஸ் கட்டினார்கள். பொழுது விடிவதற்குள் அதை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அது மாட்டுக்கொட்டகைக் கூரையில், படம் கீழே பார்க்கிற மாதிரி, கிடக்கிறது. அவள் முதல் மார்க் வாங்கிய செய்தி மாடுகளுக்கு மட்டும் தெரியும்.

வாய்க்கால் ரோட்டில் விடிகாலையில் அந்த எண்ணூறை ஓட்டிப் பழகியவள் அவள். முதலில் அப்பாவோடு, பிறகு தனியாக. ஆறு மாதத்தில் அப்பாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அப்பன் ஓட்டினால் பயமாக இருக்கும், மகள் ஓட்டினால் பயம் வருவதற்கு நேரம் இருக்காது. இதைப் பற்றி மச்சானைக் கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

போன மாசி மாதம் அவள் என் ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டீஸ். பாலக்காட்டில் கார்க் கிறுக்குப் பிடித்த சில பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். வேலந்தாவளத்துக்குத் தெற்கே தென்னை வெட்டிய ஒரு பொட்டலில் போட்டி. ஒரு நேரத்தில் ஒரே கார், கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இரண்டு சுற்று, கடிகாரம்தான் நீதிபதி. அன்றைக்கு எல்லாரையும் விடக் குறைந்த நேரத்தில் ஓட்டியவருக்கு, அந்த வருடம் முழுக்கக் கிளப் அணியில் இடம். கோயம்புத்தூரில் பயிற்சியும் தருவார்கள்.

"எனக்கு அந்த இடம் வேணும் மாமா" என்றாள். "வேறெதுலயும் நான் இப்படி ஆசைப்பட்டதில்ல. அப்பாவை நீங்கதான் சம்மதிக்க வைக்கோணும்."

"உங்கப்பனா? அத்தனை பேர் பாக்கறாப்புல உன்னைய ஓட்ட விடுவாரா?"

நோட்டீஸை நாலாக மடித்தாள். பிறகு, "எங்கப்பா என்னையப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசி நீங்க கேட்டிருக்கீங்களா மாமா?" என்றாள். கேட்டதில்லை. "சின்ன வயசுல நான் நெசமாலுமே சுமார்தான்னு நெனச்சுட்டிருந்தேன். இப்ப அப்படி நெனக்கல. ஆனா கடிகாரம் சொன்னாத் தேவலை."

நான் மச்சானிடம் போய் மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஃபாரத்தை அவர் சொல்கிறபடிதான் நிரப்பவேண்டும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார். 'என்ஜின் அளவு' என்று ஒரு கட்டம். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எழுநூத்தித் தொண்ணூத்தாறு" என்றார்.

"அது பழைய என்ஜினுங்க. இப்ப உள்ள இருக்கறது ஆயிரத்து முன்னூறு."

"மாட்டோட வாயை நாமளே தொறந்து பல்லைக் காட்டுவமா மாப்ள? வேணும்னா அவிங்க பாத்துக்கட்டும்."

நான் எழுதினேன். முத்து முத்தான எழுத்தில் அந்தப் பொய்யை எழுதிய புண்ணியவான் நான்தான். எண்ணூறு வரைக்கும் ஒரு பிரிவு, ஆயிரத்து நானூறு வரைக்கும் ஒரு பிரிவு. நாங்கள் சின்னப் பிரிவில் விழுந்தோம். நாங்கள் இப்படி எழுதிக் கொடுத்தது ஸ்ரீரஞ்சனிக்குத் தெரியாது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளப்பை நடத்துகிறவன் பெயர் டின்டு. பாலக்காட்டு மலையாளி, எங்களிடம் தமிழ் என்று நினைத்துக்கொண்டு ஒன்று பேசுவான். எங்கள் பக்கத்து ரேக்ளா பந்தயங்களைப் பார்த்து அவன் ஒரு வழக்கத்தை எடுத்து வைத்திருந்தான். ரேக்ளாவில் மாட்டுக்காரர் பேரையும் ஊரையும் மைக்கில் சொல்வார்கள் இல்லையா, அதேபோல ஒவ்வொரு கார் ஓடுவதற்கு முன்னும் சொந்தக்காரர் மைக்கில் வந்து, என்ன வண்டி, ஓட்டுவது யார் என்று சொல்லவேண்டும். சுதீப் மைக்கைப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினான். அவன் காரில் உள்ள ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு வரலாறு இருந்தது.

எங்கள் எண்ணூறு உள்ளே நுழைந்ததும் கூட்டம் சிரித்தது. கோழி விற்க வந்திருக்கிறார்களா என்று யாரோ கேட்டார்கள். பின் சீட்டு வைக்கோலை இறக்கவேண்டும் என்று டின்டு சொன்னபோது இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். மச்சான் சந்தோஷமாகத்தான் இருந்தார். சாணி பூசிய மாட்டைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். அப்போதுதான் வேலிக்குப் பக்கத்தில், வேர்க்கடலைக் கூடையோடு முன் வரிசையில் கமலாத்தாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மைக்கை வாங்கி, "பழைய எண்ணூறுங்க. சுமாரா ஓடும். புள்ளையும் சுமாராத்தான் ஓட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

காருக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தவள் அதைக் கேட்டாள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடி விழுந்தது. அந்தக் கோழிக்கூண்டு புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்த பாய்ச்சலில் சிரித்தவன் வாய் திறந்தபடியே நின்றான். எங்கே வளைக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்பது அவளுக்கு அத்துபடி. ஒரு கோன்கூட அசையவில்லை. இரண்டு சுற்று முடிந்து நின்றபோது ஒரு நிமிடம் முப்பத்தொரு வினாடி. பெரிய பிரிவில் ஓடிய சுதீப்பின் சிவப்புக் கார் எடுத்தது ஒரு நிமிடம் முப்பத்து மூன்றரை. அன்றைக்கு அந்தப் பொட்டலில் அவளைவிடக் குறைந்த நேரம் யாருக்கும் இல்லை. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு அரசாங்க ஊழியன் செய்யத் தகாத சத்தமெல்லாம் போட்டேன்.

சுதீப் நேராக டின்டுவிடம் போனான். எண்ணூறு சி.சி. இப்படி ஓடாது, பானெட்டைத் திறக்கவேண்டும் என்றான். அவன் சொன்னது நியாயம்தான், அதுதான் எரிச்சல். டின்டு பழைய ஏர் ஃபில்டர் டப்பாவைத் தூக்கினான். எண்ணூறுக்கு மூன்று பிளக் இருக்கவேண்டும். டின்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். நாலு.

"சேட்டா, ஃபாரத்துல எழுதினது பொய்யாணு. இந்த ஓட்டம் கேன்சல்."

அப்போது மச்சான் செய்த காரியத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். டின்டுவின் கையைப் பிடித்தார். இரண்டு கைக்கும் மேலே துண்டைப் போட்டு மூடினார். டின்டு மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். துண்டு நெளிந்தது. அவன் நாலு விரலைப் பிடித்து, ஒன்றை மடக்கி, மூன்றாக்க முயன்றுகொண்டிருந்தார் மச்சான். நாலு பிளக்கை மூன்றாகப் பேசி முடிக்கப் பார்க்கிறார். இருபத்தைந்து வருட அனுபவம்.

"எந்தா இது? கையை விடு சேட்டா."

ஸ்ரீரஞ்சனி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள், என் கையெழுத்தைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் பூமியைப் பார்த்தேன்.

"உள்ளதை எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று டின்டுவிடம் கேட்டாள்.

"பெரிய பிரிவுல ஓடியிருப்ப. அங்கயும் நீதன்னெ ஃபர்ஸ்ட். இடம் உனக்குத்தான்."

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நான் செயிச்சதை நீங்களே எடுத்துட்டீங்கப்பா" என்றாள்.

துண்டு இன்னும் டின்டு கைமேல் கிடந்தது.

டின்டு நல்லவன். பெரிய பிரிவுக்கு நாலு மணி வரை பெயர் கொடுக்கலாம், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றான். புது ஃபாரம், உள்ளது உள்ளபடி. ஆனால் பொய் சொன்னது மைக்கில், ஆகவே சரியானதையும் சொந்தக்காரர் மைக்கில்தான் சொல்லவேண்டும், எல்லாரும் கேட்க. மச்சான் வேலிப் பக்கம் பார்த்தார். கமலாத்தாள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "ஃபாரத்துல எழுதிக் குடுத்தர்றங்க. மைக் வேண்டாமுங்க" என்றார். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் பார்த்த அதே முகம் அது. அவருக்கு நிஜமாகவே பயம்.

"அப்பா, துண்டை எடுங்க" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

அவர் எடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டே மைக்குக்கு நடந்தார். நான் புது ஃபாரத்தில் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை.

"எம்பட பேரு துரைசுவாமிங்க. மாட்டுத் தரகருங்க" என்று ஆரம்பித்தார். "மொதல்ல சொன்னது பொய்யிங்க. உள்ள இருக்கறது எஸ்டீம் என்ஜினு. நானே ஏத்துனது. நல்ல வேலைங்க அது." துண்டை இன்னொரு சுற்றுச் சுருட்டினார். "ஓட்டறது எம்பட புள்ள ஸ்ரீரஞ்சனி. சுமாரெல்லாம் இல்லீங்க. என்னைய விட நல்லா ஓட்டும். இங்க இருக்கற எல்லாரையும் விட நல்லா ஓட்டும். பிளஸ் டூவுல பள்ளிக்கூடத்துலயே மொதலு. நான் வெளிய சொல்லலைங்க. சொன்னா அதுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு எனக்குப் பயமுங்க. இருபது வருசமா அந்தப் பயந்தானுங்க."

என்ஜின் பற்றிக் கேட்டால் மார்க்கெல்லாம் சொல்கிறாரே என்று டின்டு பார்த்தான். பிறகு அவனும் மூக்கைத் துடைத்துக்கொண்டான். நானா? புழுதி அதிகம், கண்ணில் விழுந்துவிட்டது.

அவள் காரில் ஏறிவிட்டிருந்தாள். ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றி, முழங்கையால் கண்ணைத் துடைத்து, இறக்கினாள். மறுபடி ஏற்றித் துடைத்தாள். கொடி விழுந்துவிட்டது.

முதல் ஓட்டத்தை விட வேகம். அப்படி யாரும் அந்தப் பொட்டலில் ஓட்டி நான் பார்த்ததில்லை. இரண்டாவது சுற்றில் கடைசிக்கு முந்தின வளைவில் ஒரே ஒரு கோன் சாய்ந்தது. நேரம் ஒரு நிமிடம் முப்பது புள்ளி ஒன்பது வினாடி. கோனுக்கு அபராதம் மூன்று வினாடி. கூட்டிப் பார்த்தால் சுதீப்பை விட அரை வினாடிக்கும் குறைவாகப் பின்னால். இடம் சுதீப்புக்குப் போய்விட்டது.

பார்த்தீர்களா, இருபது வருடம் வாயைக் கட்டியவர் ஒரு நிமிடம் திறந்தார், உடனே கோன் விழுந்துவிட்டது. மச்சானின் சாஸ்திரத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்குமா? இனி செத்தாலும் யாரைப் பற்றியும் நல்லது சொல்லமாட்டார் என்று நினைத்தேன். அவர் வேலியை நோக்கி விறுவிறு என்று நடந்தார். கமலாத்தாளைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடப் போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன். ஸ்ரீரஞ்சனியும் காரை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

கமலாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வேர்க்கடலைக் கூடை. கடலை கேட்டு வந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போய்விட்டார்களாம்.

காலடிச் சத்தம் கேட்டு, கையை எடுக்காமலே கேட்டார். "ஆருங்க? முடிஞ்சுதுங்களா? நான் பாக்கலீங்க, சாமி சத்தியமா ஒருக்காகூடப் பாக்கலீங்க. புள்ள செயிச்சுதுங்களா?"

மச்சான் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் புழுதியிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"செயிக்கலீங்க அத்தே" என்றார். "ஆனா நீங்க பாத்திருக்கோணுமுங்க."